தீமையின் வேர் எங்கே?

சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் 1713இல் எழுதிய தென்னிந்தியத் தெய்வங்களின் வமிசாவளி 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. ஐயனாரையும் மாரியம்மனையும் காவிரிநாட்டு மக்கள் பேய்களினின்று காப்போராக வணங்கியதை அந்நூல் கவனமாய்ப் பதிவுசெய்கிறது. ஆயினும், அவ்வழிபாட்டைச் சாத்தானின் வஞ்சகமெனக் கொண்ட அதன் நோக்கு, தீமையை அயலான் கோயிலிலேயே தேட நம்மைப் பழக்கிவிட்டது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் தலித் உழவுத் தொழிலாளர் குடும்பத்தார் 44 பேர் எரிந்து மாண்டனர். அத்தீயை மூட்டியது கிராம தேவதையன்று; மனிதரின் பேராசையும் சாதிச் செருக்குமே. சாத்தானை நாம் மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் சர்ப்பத்தைச் சுட்டிய ஏவாளைக் கடவுள் பொறுப்பினின்று விடுவிக்கவில்லை (ஆதி. 3), யாக்கோபும் சோதனையின் ஊற்றைச் சுய இச்சையில் காண்கிறார் (1:14). எனவே, சாதிவாரிக் கல்லறைகளை வைத்துக்கொண்டு சாத்தானைப்பற்றிப் பிரசங்கிக்கும் சபை முதலில் தன்னையே சோதித்தறிவதாக.