ஒரு தடவை போதுமா?

தமிழில் பயணக் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஏ.கே. செட்டியார் காலத்திலிருந்து போனவர்கள் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். போன இடம் சரியில்லை என்று எழுதுவதுதான் அபூர்வம். லீவு போட்டு, காசு செலவழித்து, குழந்தை குட்டிகளோடு போய்விட்டு வந்து 'சுமார்தான்' என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? 'சூப்பர் சார், நீங்களும் ஒரு தடவை போயிட்டு வாங்க' என்று சொல்லிவிடுகிறோம். நாம் மட்டும் ஏமாந்தால் எப்படி?

ஏமாற்றத்தில் இரண்டு ரகம் உண்டு. பாரிஸில் போய் மோனாலிசாவைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம். முன்னால் நூறு தலைகள். கோபன்ஹேகன் துறைமுகத்தில் உட்கார்ந்திருக்கும் கடற்கன்னியின் உயரம் 1.25 மீட்டர். 'இவ்வளவுதானா?' என்று கேட்டுவிட்டுத்தான் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். இது முதல் ரகம். பொருள் அங்கேதான் இருக்கிறது. நம் மனசுதான் அதைப் பெரிசு பண்ணி வைத்திருந்தது.

இரண்டாவது ரகத்தில் பொருளே இருக்காது. ஊர் இருக்கும், பெயர் இருக்கும், பார்க்கப் போனது மட்டும் காணாமல் போயிருக்கும். அதைப் பார்க்க பாஸ்போர்ட் வேண்டாம். சென்னை பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் போதும். 'வடசென்னை', 'சார்பட்டா பரம்பரை' எல்லாம் பார்த்துவிட்டு கேமராவும் கையுமாக அந்தப் பக்கம் கிளம்புகிற இளைஞர்கள் இப்போது உண்டு. அவர்களுக்கும் உங்களுக்குமாக ஒரு நேர்மையான விமரிசனம்.

முதலில் ராயபுரம் ஸ்டேஷன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பம்பாயிலும் ஹௌராவிலும் இதற்கு முன்பே ரயில் விட்டார்கள். ஆனால் அந்த ஆதி ஸ்டேஷன் கட்டடங்கள் இன்று இல்லை. ஆகவே, இந்தியாவில் மிஞ்சி நிற்கும் மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடம் நம்முடையது. கேட்கவே பெருமையாக இருக்கிறது அல்லவா?

நேரில் போனால் உயரமான தூண்கள், ஒரு நீளமான கட்டடம். 2005-ல் புதுப்பித்தார்கள். பத்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடலாம். 1873-ல் சென்ட்ரல் வந்த பிறகு ராயபுரத்தின் மவுசு குறைந்துவிட்டது. இன்று மின்சார ரயிலுக்கு ஓடுகிறவர்கள் யாரும் அந்தத் தூண்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு இது ஆபீஸ் போகிற வழி. இந்த ஏமாற்றம் மோனாலிசா ரகம். கட்டடத்தின் மேல் தப்பில்லை. கதை பெரிது, காட்சி சிறிது. ரயில் பைத்தியமாக இருந்தால் தவிர, ஒரு தடவை போதும்.

அடுத்தது திருவொற்றியூர். 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோவே விம்கோ நகர் வரை போகிறது. விம்கோ என்பது தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். அது ஸ்டேஷன் பெயராக நிலைத்துவிட்டது. 1946-ல் எம்.ஆர்.எஃப். பலூன் செய்ய ஆரம்பித்த கொட்டகை, புல்லட் மோட்டார் சைக்கிள் இந்தியாவில் உருவான ஆலை எல்லாம் இந்த ஊர்தான். ஆனால் ஆலைகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு மதில் சுவர்தான் தரிசனம்.

நிஜ தரிசனம் கோயிலில். ஆதிபுரீசுவரர், தியாகராசர், வடிவுடையம்மன். மூலவர் புற்று வடிவம். வருஷம் முழுக்கக் கவசத்தோடு இருப்பவரை, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டும் கவசம் இல்லாமல் பார்க்கலாம். சுந்தரர் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொண்ட ஊர். ஏழுகிணறில் குடியிருந்த வள்ளலார் இங்கே எத்தனையோ தடவை வந்தார். அவருக்கு ஒரு தடவை போதவில்லை. உங்களுக்கும் போதாது. இந்தக் கோயிலை என் ஏமாற்றப் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

கோயிலிலிருந்து கிழக்கே போனால் கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதி. பேய்க்கரும்பு இனித்த இடம் என்று சொல்வார்கள். அங்கிருந்து கடலைப் பார்க்கலாம் என்று போகிறவர்களுக்குத்தான் பிரச்னை. கடல் இருக்கிறது, கரையைத்தான் தேட வேண்டும். மணல் இருக்க வேண்டிய இடத்தில் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் கடலுக்குள் நீட்டிக் கல்சுவர் போட்டு, நடுவில் கொஞ்சம் மணலைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பின்னால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரிகள். பெயரில் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. லாரி கியூவில் மாட்டினால் அது பெயரோடு சரி. பட்டினத்தார் எதையும் எதிர்பார்க்காமல் வந்தவர், அதனால் ஏமாறவில்லை. காற்று வாங்க வரும் நமக்கு அந்தப் பக்குவம் கிடையாது.

இந்த மணல் எங்கே போயிற்று? வங்காள விரிகுடாவின் இந்தக் கரையில், வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். யார் கண்ணுக்கும் தெரியாமல் ஓடும் மணல் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் சாமானும் ஆட்களும் கரைக்கு வந்தார்கள். 1870-களில் கடலுக்குள் சுவர் எழுப்பித் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். 1881-ல் புயல் வந்து உடைத்துப் போட்டது. விடாமல் மறுபடி கட்டினார்கள்.

அந்தச் சுவர் மணல் ஆற்றைக் குறுக்கே மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே வரவு நின்றது. ஒரு காலத்தில் கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் அலை அடித்த ஊர் இது. சுவர் வந்த பிறகு தெற்கே கடல் பின்வாங்கிக்கொண்டே போனது. 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவப் பாதை போட்டு, மெரினா என்று பெயர் வைத்தார். இன்றும் மெரினாவில் சுண்டலோடு நடக்கிறீர்களே, அலையைத் தொடுவதற்குள் கால் வலிக்கிறதே, அந்த நீண்ட மணலில் ஒரு பங்கு ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போயிருக்க வேண்டியது. ஒரே சுவர்தான். ஒரு பக்கம் அது சுற்றுலாத்தலம். இன்னொரு பக்கம் குப்பங்களில் வீடுகள் கடலுக்குள் போயின.

கடைசியாக எண்ணூர். பெயரைக் கேட்டதும் புகைபோக்கி ஞாபகம் வருகிறதா? வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு இது விடுமுறை வாசஸ்தலம் என்றால் நம்புவீர்களா? கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் கழிமுகம். உப்பங்கழி, படகு, மீன், இதமான காற்று. 1806-லேயே சென்னையிலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டியாகிவிட்டது. பின்னாளில் பக்கிங்காம் கால்வாயாக வளர்ந்ததன் முதல் துண்டு அதுதான்.

இப்போது போனால் என்ன தெரியும்? கூவம் பக்கம் வளர்ந்தவர்களுக்குக்கூட மனசு கஷ்டப்படும். அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகினால் சாம்பல் கழிக்குள். 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் கறுப்பு எண்ணெய். வாளியால் மொண்டு எடுத்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து மறுபடி எண்ணெய். அதே மாதக் கடைசியில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, நள்ளிரவில் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மணல் கதையும் முடியவில்லை. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. 2014-லிருந்து அதற்குக் காமராஜர் பெயர். அதன் சுவருக்குத் தெற்கே இருக்கிறது முகத்துவாரம். அங்கே மணல் வந்து அடைக்கிறது. சுவருக்கு வடக்கே காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் கரை அரிக்கிறது. ராயபுரத்தில் நடந்த அதே பாடம், நூறு வருஷம் கழித்து, சில மைல் தள்ளி.

ஆக, சுற்றுலாப் பயணியாக எண்ணூருக்கு மார்க் போடச் சொன்னால் பூஜ்யம்தான். ஆனால் அப்படிப் போடுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது.

'அங்கே பார்க்க ஒன்றும் இல்லை' என்பது வெறும் அபிப்பிராயம் இல்லை. அது ஒரு லைசென்ஸ். பார்க்க ஒன்றும் இல்லாத ஊரில் எதையும் கொண்டுவந்து வைக்கலாம். ஏற்கெனவே புகை இருக்கிறது, இன்னொரு புகைபோக்கி வந்தால் என்ன? பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அப்பாடா என்று மூச்சுவிட முடியவில்லை. அதே இடத்தில் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்காக 2024 டிசம்பரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. இதே நிலையத்தைப் பெசன்ட் நகர் கடற்கரையில் கட்டலாமா என்று பேச்சுக்காவது யாராவது கேட்பார்களா? கேட்டால் மறுநாள் காலைப் பேப்பரில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வித்தியாசம் மண்ணில் இல்லை, யார் அங்கே காற்று வாங்க வருகிறார்கள் என்பதில் இருக்கிறது.

அந்தக் கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறுபடி வரலாமா வேண்டாமா என்ற கேள்வி அவர்களுக்குக் கிடையாது. நாளைக் காலையும் அதே தண்ணீரில்தான் இறங்க வேண்டும். 2017-ல் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' வீடியோவை இந்த எண்ணூரில் எடுத்தார்கள். புறம்போக்கு என்றால் வசவு என்று நினைத்துக்கொண்டிருந்த பலருக்கு, அது எல்லோருக்கும் பொதுவான நிலம் என்று அந்தப் பாட்டுதான் ஞாபகப்படுத்தியது. பொது என்றால் நமக்கும் பங்கு உண்டு. கேள்வி கேட்கிற பங்கும் சேர்த்து.

சரி, தீர்ப்பு. ராயபுரம் ஸ்டேஷன், ஒரு தடவை. திருவொற்றியூர் கோயில், கார்த்திகைக்கு ஒரு தடவை, மற்றபடி உங்கள் சௌகரியம். கடற்கரை, குழந்தைகளை மணல்வீடு கட்டக் கூட்டிப்போக வேண்டாம், மணல் இல்லை.

எண்ணூருக்கு மட்டும் பிக்னிக் கூடையோடு போகாதீர்கள், ஆனால் போங்கள். ரயில் டிக்கெட் அதிகமில்லை. முகத்துவாரத்தில் நின்று ஒரு பக்கம் கடலையும் இன்னொரு பக்கம் சாம்பலையும் பாருங்கள். திரும்பி வந்ததும் யாராவது 'எப்படி இருந்துச்சு?' என்று கேட்டால் 'சூப்பர்' என்று சொல்ல வேண்டாம். 'ஒண்ணுமில்லை' என்றும் சொல்ல வேண்டாம். அங்கே என்ன இருந்தது, அது எப்படிப் போனது என்று சொல்லுங்கள்.