குவளையில் இடம்பெயரும் நிலம்: டேனியல் காட்சி அச்சுகள் – ஒரு திணைநோக்கு

முன்னுரை

நிலக்காட்சி அச்சிட்ட பீங்கான் குவளை அன்றாடப் புழக்கப் பொருள். அதனை ஆய்வுக்குரிய பனுவலாக எவரும் கருதுவதில்லை. எனினும், வரலாற்றுச் சிறப்புடைய ஓரிடத்தின் படம் தாளிலிருந்து கலத்திற்கு மாறும்போது அவ்விடம் பற்றிய அறிவும் உடன் செல்கிறதா என்னும் வினா, நிலத்தை இலக்கியக் கோட்பாட்டின் முதலாகக் கொண்ட தமிழாய்வுக்குப் புறம்பானதன்று. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோரின் இந்தியக் காட்சிகள் இங்கிலாந்தின் பீங்கானில் ஏறிய வரலாற்றைத் தொல்காப்பியத் திணைக்கோட்பாட்டின் துணைகொண்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாளில் நிலம்

தாமஸ் டேனியல் (1749–1840), தம் உடன்பிறந்தாரின் மகனான வில்லியத்துடன் (1769–1837) 1786இல் கல்கத்தா வந்தார். மூன்றாம் மைசூர்ப் போர் 1792இல் முடிந்ததை அடுத்து இருவரும் தென்னாட்டில் பயணம் செய்து மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களை வரைந்தனர். 1794இல் தாயகம் திரும்பினர். 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்னும் தொகுதிகளாக 144 காட்சிகளைச் செப்புத்தகட்டு அச்சில் வெளியிட்டனர்.

கட்டடங்களின் புறவடிவைப் பிழையின்றிப் பதிய அவர்கள் இருட்டறைப் படக்கருவியைப் பயன்படுத்தினர். காட்சியை அமைத்த முறையோ அக்கால ஆங்கில ஓவிய மரபைச் சார்ந்தது. சிதைந்த கட்டடம், முன்னால் ஒரு மரம், அளவு காட்டச் சிறு மனித உருக்கள் என்பது அதன் பொது அமைப்பு. இப்படங்களில் மாந்தர் உளர். அவர்தம் அகவுணர்வு இல்லை. ஆயினும் ஒவ்வோர் அச்சும் இடப்பெயரைத் தலைப்பாகத் தாங்கியது. எனவே அதனை ஆவணமாகக் கொள்ள இயலும்.

கலத்தில் நிலம்

படத்தைக் கலத்தில் ஏற்றும் முறை தனித்தன்மை வாய்ந்தது. செப்புத்தகட்டில் செதுக்கிய படத்தில் கோபால்ட்டு நீலச் சாயத்தைத் தடவி மெல்லிய தாளில் எடுப்பர். அத்தாளை ஒருமுறை சுட்ட கலத்தில் ஒட்டித் தேய்த்து, பின்னர்த் தாளைக் கழுவி நீக்கி, மெருகு பூசி மீண்டும் சுடுவர். டேனியல்களின் வண்ண அச்சு இவ்வழியில் ஒற்றை நீலமாயிற்று. செவ்வகத் தாளுக்கென அமைந்த காட்சி உருளை வடிவக் குவளையைச் சுற்றும்போது, அதனை முழுமையாகக் காணும் ஒரே நோக்குநிலையும் இல்லாது போகிறது.

இவற்றினும் பெரிய இழப்பு பெயரிழப்பாகும். தில்லி பெரோஸ் ஷா கோட்லாவின் அருகிலிருந்த பழங்கட்டடத்தை டேனியல்கள் வரைந்தனர். அப்படத்தைத் தழுவி ஜான் ரோஜர்ஸ் தொழிலகம் ஆக்கிய கலவகை, சேகரிப்பாளரிடையே 'மோனோப்டெரோஸ்' என வழங்குகிறது. இது வட்டத் தூண்கோயிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தில்லியின் கட்டடம் கிரேக்கப் பெயரால் அறியப்படுகிறது. சில கலங்களில் இடப்பெயர் அச்சிடப்பட்டதுண்டு. ஆனால் அது அடிப்புறத்தில், பயன்படுத்துவோர் கண்ணில் படாத இடத்தில் அமைந்தது. பிறர் அச்சுகளை இவ்வாறு படியெடுக்கும் வழக்கம் 1842ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திற்குப் பின் பெரிதும் குறைந்தது.

திணை அளவுகோல்

தொல்காப்பியர் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பர். ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் பிற நிலத்தில் வருதலை அவர் ஏற்கிறார். நிலம் நிலத்தோடு மயங்குதலை ஏற்பதில்லை. கருப்பொருள் பெயரலாம், நிலம் பெயரலாகாது என்பது இதன் சாரம். கலத்தில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. மரம், விலங்கு, கட்டடம் ஆகியவை தத்தம் உருவில் நின்றன. அவற்றைத் தாங்கிய நிலமோ பெயரிழந்து, பல அச்சுகளின் கூறுகள் ஒரே காட்சியாக இணைக்கப்படவும் இடந்தந்தது.

அகப்பாடலுக்குரிய இலக்கணத்தைக் கலத்தின் மீது ஏற்றலாமா எனும் தடை எழலாம். இங்குத் திணை இலக்கணமாகவன்றி ஒப்பீட்டு அளவுகோலாகவே கொள்ளப்படுகிறது. அதன் பயனை மதுரை காட்டும். 'மதுரைக் கோட்டையினுள் ஒரு காட்சி' என்பது டேனியல் அச்சுகளுள் ஒன்று. அக்கோட்டையின் மதில்கள் 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டன, அகழி தூர்க்கப்பட்டது. கோட்டை மறைந்த பின் படமே சான்று. மதுரை என்னும் பெயரும் வரைந்த காலமும் உடனிருக்கும் வரையில்தான் அது சான்று. அவை நீங்கின், எந்நாட்டிற்கும் பொருந்தும் ஒரு பாழ்க்கட்டடமே எஞ்சும்.

முடிவுரை

டேனியல் அச்சு தாளில் முதற்பொருளையும் கருப்பொருளையும் காத்தது. உரிப்பொருளைத் தொடக்கத்திலேயே விலக்கியது. கலம் முதற்பொருளையும் கைவிட்டுக் கருப்பொருளை அணியாக்கியது. இன்று பழைய காட்சி அச்சுகளைக் குவளைகளில் பதித்து விற்போர் இடம், ஓவியர், ஆண்டு ஆகிய மூன்றையும் படத்தின் அருகிலேயே பொறிப்பார்களாயின், அணிகலம் ஓரளவேனும் ஆவணமாகும். பெயரில்லாக் குவளையின் படத்தை வரலாற்றுச் சான்றாக எடுத்தாளும் ஆய்வாளரும் முதலில் அதன் மூல அச்சைத் தேடிக் காணுதல் வேண்டும்.