துணிந்தவளும் பயந்தவளும்: பெண்-பெண் காதல் கதையை ரசிப்பது எப்படி?

திமிர் பிடித்த நாயகன், வாயில்லாப்பூச்சி நாயகி, நடுவில் ஒரு கட்டாயக் கல்யாணம். ரமணிசந்திரன் நாவல்களை இரவல் வாங்கி விடிய விடியப் படித்த ஊர்தான் நம் திருச்சி. ஸ்ரீரங்கத்து அத்தைகளும் தில்லைநகர் கல்லூரிப் பெண்களும் இதில் ஒரே கட்சி. அதே எதிரெதிர் குணக் காதலில் இருவருமே பெண்கள் என்றால் மட்டும், "அதெல்லாம் நமக்குப் புரியாதுங்க" என்று நழுவுகிறார்கள். புரியாமல் போக இதில் என்ன வேதாந்தமா இருக்கிறது?

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுவோம். இரண்டு பெண்கள், ஒட்டாத குணம். சூழ்நிலை ஒரே கூரைக்குள் தள்ளுகிறது. எரிச்சல் ஆர்வமாகி, ஆர்வம் காதலாகும்போது ஊர் வந்து நிற்கிறது. இலக்கணம் இவ்வளவுதான்.

இனிதான் விஷயம். எதிர்க்குணம் இரண்டு வகை. ஒன்று உடுப்போடு நின்றுவிடும்: ஒருத்திக்கு ஜீன்ஸ், புல்லட், இன்னொருத்திக்குப் பாவாடை தாவணி, பாட்டு கிளாஸ். போஸ்டருக்கு அழகு, கதைக்குச் சுமை. இன்ஸ்டாகிராம் ரீல்களில் குவிவது இந்தச் சரக்குதான். மற்றது, ஒரே பயத்துக்கு இருவர் சொல்லும் வெவ்வேறு பதில். ஆண்-பெண் கதையில் அவனுக்கு ஒரு சட்டம், அவளுக்கு ஒரு சட்டம். இங்கே இருவரையும் வளர்த்தது ஒரே சட்டம்: விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வா, சத்தமாகச் சிரிக்காதே. ஒருத்தி அதை மீறிப் பழகியவள். மற்றவள் அதற்குள்ளேயே ஒளிந்து பழகியவள். அவர்கள் மாட்டிக்கொள்ளும் அத்தியாயத்தில் யார் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். சாயம் அங்கே வெளுத்துவிடும்.

தீபா மேத்தாவின் 'ஃபயர்' (1996) படத்தில் சீதா புதுப்பெண், துடுக்கு. முதல் முத்தம் அவளுடையது. ஓரகத்தி ராதாவோ, பல வருஷம் கணவனின் பிரம்மச்சரிய விரதத்துக்கு ஈடுகொடுத்தவள். குட்டு உடைந்ததும் முன்னால் வெளியேறுவது சீதா. பின்தங்கி நின்று கணவனிடம் முகத்துக்கு நேரே பேசுவது ராதா. லிஜி புல்லாப்பள்ளியின் மலையாளப் படம் 'சஞ்சாரம்' (2004) இன்னும் நுட்பம். கிரண் கூச்சக்காரி, ஒரு பையனுக்காக டிலைலாவுக்குக் காதல் கடிதம் எழுதித் தருகிறவள். கலகலப்பான டிலைலா கல்யாணத்துக்குத் தலையாட்டுகிறாள், கூச்சக்காரி வளையவில்லை. இதில் இந்து கிரண், கிறிஸ்தவ டிலைலா என்ற வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதுகிறவர்கள் படத்தின் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சாவில் முடிந்தால்தான் ஆழம் என்று நினைக்கும் விமர்சகர்கள் தனி ரகம். பத்மராஜனின் 'தேசாடனக்கிளி கரையாறில்ல' (1986) என்ற மலையாளப் படத்தைக் கடைசிக் காட்சிக்காகவே மெச்சுவார்கள். ஆனால் தோழிகளில் சாலி முன்னே நடக்க, நிம்மி பின்னே போகும் அந்த நடையில்தான் படமே இருக்கிறது. நம் தமிழில் 'காதல் என்பது பொதுவுடைமை' (2025) வந்தது. நல்ல படம், ஆனால் அது காதலர்களைவிட ஒருத்தியின் அம்மாவின் கதை. ஆங்கிலம் படிப்பவர்கள் ஈழத் தமிழர் எஸ்.ஜே. சிந்துவின் 'மேரேஜ் ஆஃப் எ தவுசண்ட் லைஸ்' (2017) நாவலைத் தேடுங்கள். லக்கி, ஊருக்காகத் தன்பாலீர்ப்புள்ள ஓர் ஆணையே மணந்துகொண்டவள். அவள் காதலி நிஷா, வீட்டில் பார்த்த மாப்பிள்ளைக்குத் தயாராகிறவள். இரண்டு பொய்கள், இரண்டு ருசி.

உங்களிடம் சொல்வதற்கென்ன, 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' எனக்கும் உயிர்தான். ஆனால் சுஜாதா அந்தத் தேவதைகளை ஒரு பையன் கண்ணால்தான் காட்டினார். அவர்களில் இருவர் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்தார்கள் என்று யாராவது எழுதினால், சித்திரை வீதியிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய் வாங்கிவருவேன்.

இன்னொன்று, நமக்குள் இருக்கட்டும். எல்லோருக்கும் துணிச்சல்காரியைப் பிடிக்கும், எனக்கோ பயந்தவளைத்தான். நீங்களும் கொஞ்சம் அவள் பக்கம் சாய்ந்து படியுங்கள். அவளுடைய முதல் "முடியாது" எந்தப் பக்கத்தில் வருகிறதென்று பென்சிலால் குறியுங்கள். பாதிக்குள் வந்துவிட்டால் எழுதியவருக்குத் தொழில் தெரியும். கடைசிப் பக்கத்தில்தான் என்றால் சோம்பேறி. வரவே இல்லையா? பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார்.