தடித்த எழுத்தும் அதன் உள்வெளியும்

கோட்டு முனைகளில் சிறு குறுக்குக்கோடு (செரிஃப்) கொண்ட எழுத்தைத் தடிமனாக்கக் கோட்டை அகலமாக்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் கோடு பெருக்கப் பெருக்க எழுத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை சுருங்குகிறது. அந்த வெள்ளை அடைபட்டால் எழுத்து வெறும் கறைதான். தடித்த தலைப்பு எழுத்துருக்களின் இருநூறாண்டு வரலாறு, அந்த வெள்ளையைக் காப்பாற்றும் முயற்சி என்றே எனக்குப் படுகிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் லாட்டரி விளம்பரங்கள் தெருச்சுவர்களை நிறைத்தன. தூரத்தில் போகிறவரையும் நிறுத்த வேண்டும் என்ற தேவையில் பிறந்தது ‘ஃபேட் ஃபேஸ்’ என்ற தடித்த எழுத்து வகை. ராபர்ட் தோர்ன் என்ற அச்செழுத்து வார்ப்பாளரின் பெயர் இதோடு சேர்த்தே பேசப்படுகிறது. நெடுங்கோடுகள் மிகத் தடிப்பாகவும் செரிஃப்கள் மயிரிழையாகவும் இருக்கும். அருகில் பார்க்க அழகு; தள்ளி நின்றால் மயிரிழை மறைந்து கறுப்புத் தூண்கள் மட்டும் தெரியும். வின்சென்ட் ஃபிகின்ஸ் போன்ற வார்ப்பாளர்கள் செரிஃபையே பட்டையாக்கி அந்தக் குறையைத் தீர்த்தார்கள்.

உண்மையான திருப்பம் அடுத்த நூற்றாண்டில் சிகாகோவில் வந்தது. ஆஸ்வால்ட் கூப்பர் விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்து பிழைத்தவர். பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் வார்ப்பகம் 1922இல் அவருடைய ‘கூப்பர் பிளாக்’கை வெளியிட்டது. அதில் கூர்முனை எங்கும் கிடையாது. செரிஃபின் அடிப்பகுதியே வளைந்திருப்பதால், எழுத்து வரிசையில் இம்மி ஏறி இறங்கி அமர்ந்தாலும் கண் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கில ‘ஓ’வை உற்றுப் பாருங்கள். வெளிவட்டம் கொழுத்திருக்கிறது, உள்ளிருக்கும் சிறு வெள்ளை மட்டும் இடப்பக்கம் சாய்ந்த நீள்வட்டமாக நிற்கிறது. அந்தச் சாய்வுதான் இத்தனை கனத்துக்கும் அசைவைத் தருகிறது. மரபில் ஊறிய அச்சகத்தார் சிலர் முகம் சுளித்தார்கள். கிட்டப்பார்வை வாடிக்கையாளர்களைக் கொண்ட தூரப்பார்வை அச்சகத்தாருக்கானது இது என்றார் கூப்பர்.

கூப்பர் பிளாக்கின் விற்பனை கண்டு போட்டியாளர்களும் இறங்கினார்கள். லான்ஸ்டன் மோனோடைப் நிறுவனம் கேட்டுக்கொண்டதால், கூப்பரின் ஆசிரியராக இருந்த ஃபிரெடரிக் கௌடியே 1925இல் ‘கௌடி ஹெவிஃபேஸ்’ வரைந்தார். நல்ல எழுத்துதான், கூப்பருடையதில் இருக்கும் குதூகலம் அதில் இல்லை.

1960களில் ஈய அச்சு விலகி, புகைப்பட அச்சுக்கோப்பு பரவியது. உலோகக் கட்டையின் விளிம்பு தடுக்காததால் எழுத்துகளை ஒன்றோடொன்று உரசும்படி நெருக்க முடிந்தது. உருண்டையான கூப்பர் பிளாக் அந்த நெருக்கத்துக்கென்றே செய்ததுபோல் பொருந்தியது. பீச் பாய்ஸ் இசைக்குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) இசைத்தட்டின் உறையிலும், பின்னர் டி-சர்ட்டுகளிலும், 1995இல் தொடங்கிய ஈசிஜெட்டின் விமானங்களிலும் அதைப் பார்க்கலாம். எல்லா இடத்திலும் பெரிய அளவு, சில சொற்கள். அதையே பத்தி எழுத்தாகச் சிறிதாக்கினால் உள்வெளி அடைத்துக்கொள்ளும். முழுக்கப் பெரிய எழுத்துகளிலேயே அடுக்கினாலும் வரி மூச்சுத் திணறும்.

2017இல் சோபானி தயிர் நிறுவனம் மென்மையான தடித்த செரிஃபுக்கு மாறியது. அதற்கடுத்து ‘ரெகோலெட்டா’ போன்ற எழுத்துருக்கள் பரவின. இவ்வகையில் இப்போது வருபவை பலவும் கூப்பரின் உருட்டலை எடுத்துக்கொண்டு உள்வெளியின் சாய்வை விட்டுவிடுகின்றன. அதனால்தான் அவை இனிமையாக இருந்தும் அசையாமல் நிற்கின்றன.