தமிழ் முரசும் இலக்கிய வளர்ச்சியும்

தாயகம் விட்டுக் கடல் கடந்து வாழும் மக்களுக்கு வழிபாட்டிடமும் பள்ளிக்கூடமும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாதது தாய்மொழிச் செய்தித்தாள். ஆர்மீனிய மக்களின் வரலாறு இதற்கு நல்ல சான்று. உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ ஆர்மீனிய மண்ணில் பிறக்கவில்லை. 1794இல் நம் சென்னையில் பிறந்தது. ஷ்மாவோனியன் என்னும் பாதிரியார் நடத்திய அவ்விதழ், 18 இதழ்களோடு 1796இல் நின்றுபோயிற்று. 1908இல் இஸ்தான்புல் நகரில் தொடங்கப்பெற்ற ‘ஜமனாக்’ நாளிதழோ, அவ்வினம் கண்ட பேரழிவையும் கடந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்து வருகிறது. சிறுபான்மையினர் மொழியில் வரும் நாளிதழுக்கு எழுதுவோர் இருந்தால் மட்டும் போதாது. விடிந்ததும் அதைத் தேடுவோரும் வேண்டும்.

சிங்கப்பூரில் ஆர்மீனியர் கட்டிய தேவாலயம் 1835இல் எழுந்தது. அதற்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1935இல், இதே நகரில் ‘தமிழ் முரசு’ ஒலிக்கத் தொடங்கியது. அம்முரசின் இலக்கியப் பணியை நடுநிலை நின்று மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோடிகள்

முரசுக்கு முன்னரே இங்குத் தமிழ் இதழ்கள் இருந்தன. அவற்றுள் சிறப்பாகக் குறிக்கத்தக்கது, 1887இல் சி. கு. மகுதூம் சாயபு தொடங்கிய ‘சிங்கைநேசன்’ வார இதழாகும். மூன்றாண்டுகளே வாழ்ந்த அவ்விதழில் 1888இல் அவர் எழுதிய ‘விநோத சம்பாஷணை’யை இந்நாட்டின் முதல் தமிழ்ச் சிறுகதை எனக் கொள்வாரும் உளர். உரையாடல் வடிவில் அமைந்ததைச் சிறுகதை எனலாமா என்பது வேறு வினா. ஆயினும், செய்தித்தாளின் மடியிலேதான் இந்நாட்டுத் தமிழ்ப் புனைகதை கண் விழித்தது என்பதில் ஐயமில்லை. அம்மரபைத் தமிழ் முரசு பெருக்கியது.

முரசின் பணி

திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் வந்தவர் கோ. சாரங்கபாணி. 1929 முதல் ‘முன்னேற்றம்’ இதழின் வாயிலாகச் சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பினார். 1935இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தமிழ் முரசை வார இதழாக வெளியிட்டபோது அதற்கு உயிராய் நின்றவர் அவரே. பின்னர் அது நாளிதழாக வளர்ந்தது. சப்பானியர் ஆட்சிக் காலத்தில் நின்ற முரசு, போருக்குப் பின் மீண்டும் ஒலித்தது.

அக்காலத்தில் சாதியாலும் ஊராலும் சமயத்தாலும் பிரிந்து கிடந்த தொழிலாளரையும் வணிகரையும் ‘தமிழர்’ என்னும் ஒரே பெயரால் அழைத்தது முரசு. 1952இல் தொடங்கிய தமிழர் திருநாள் அவ்வழைப்பின் விளைவே. பல்கலைக்கழகத் தமிழ்க் கல்விக்காக ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டியதும் முரசின் குரலே. தமிழர் இந்நாட்டுக் குடியுரிமை பெற வேண்டும் என்று இடைவிடாது வற்புறுத்தியதும் அதுவே.

இலக்கியத்திற்கு அது ஆற்றிய பெருந்தொண்டு ‘மாணவர் மணிமன்றம்’. பள்ளிப் பிள்ளைகள் எழுதியதைப் பெரியோர் எழுத்துக்கு இணையாக அச்சிட்டுக் காட்டிய அப்பகுதியே பிற்காலத்து எழுத்தாளர் பலருக்கு நாற்றங்காலாக விளங்கியது. கதைகளின் நிறைகுறைகளை எடுத்துரைத்த ‘ரசனை வகுப்பு’ வாசகரையும் திறனாய்வாளராக்க முயன்றது.

குறையும் நிறையும்

பாராட்டு மட்டும் திறனாய்வு ஆகாது. சீர்திருத்தமே முரசின் மூச்சாக இருந்தமையால், அதன் நிழலில் வளர்ந்த கதைகள் பலவற்றில் அறிவுரை கதையை விழுங்கியது. தீயவன் திருந்துவதும் கலப்பு மணம் வெல்வதும் முதல் பத்தியிலேயே தெரிந்துவிட்டால், வாசகன் கடைசிப் பத்தி வரை எதற்காகப் பொறுத்திருப்பான்? நாளிதழின் சிறிய இடம் கதைகளைச் சுருக்கிற்று. விழாக்களும் வரவேற்புகளும் கவிதையை வாழ்த்துப்பாவாகத் தேய்த்தன. சிராங்கூன் சாலையின் இரைச்சலும் அங்கு உழைத்தவரின் பேச்சும் அக்கதைகளில் வரவேண்டிய அளவு வரவில்லை.

ஆயினும், இக்குறைகளை இன்று நம்மால் காண முடிவதும் அம்முரசு எழுத்துகளைச் சேர்த்து வைத்ததனாலன்றோ? நாற்றங்காலில் எல்லா நாற்றும் கதிராவதில்லை. ஆனால் நாற்றங்கால் இன்றி வயல் இல்லை.

1974இல் சாரங்கபாணி மறைந்தார். 1982இல் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டதோடு தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளின் வரலாறு முடிவுற்றது. 1995இல் முரசு சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின்கீழ் வந்தது. பெரிய நிறுவனத்தின் துணை, அச்சு நிற்காமல் காக்கும். வாசகரை உண்டாக்கித் தராது. அது ஆசிரியர்களாகிய நம் பொறுப்பு.

அப்பொறுப்பை நாம் எவ்வாறு நிறைவேற்றுகிறோம்? வகுப்பில் நாளிதழை விரித்து அருஞ்சொற்களுக்கு அடிக்கோடிடச் செய்கிறோம். கருத்தறிதல் வினாக்களுக்கு விடை எழுதச் செய்கிறோம். மதிப்பெண் கிடைக்கிறது, மணியடித்ததும் தாள் மேசையிலேயே கிடக்கிறது. மணிமன்றமோ மாணவனை வாசிக்கச் சொன்னதோடு நிற்கவில்லை, அவனை எழுதவும் அழைத்தது. தன் பெயர் அச்சில் வருமா என்று காத்திருந்தவனை யாரும் முரசைப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே தேடிப் படித்தான்.

ஆகவே ஆசிரியர்களை ஒன்று வேண்டுவேன். அடுத்த முறை நாளிதழை வகுப்புக்குக் கொண்டு செல்லும்போது வினாத்தாளை ஒருநாள் ஒதுக்கி வையுங்கள். படித்த செய்தியோடு உடன்படாத மாணவனை, ஏன் உடன்படவில்லை என நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். பிழை திருத்துங்கள், கருத்தைத் திருத்தாதீர்கள். பிறகு அதனை முரசுக்கே அனுப்பி வையுங்கள். கேட்போர் அருகினால் முரசு ஓய்ந்துவிடும். அதனைக் கொட்டும் கைகள் நம் வகுப்பறைகளிலிருந்தே வர வேண்டும்.