டப்பாவை எங்கே ஒளிப்பது?

ஆந்திர எல்லையிலுள்ள எளாவூர் சோதனைச்சாவடிக்குக் கொஞ்சம் தள்ளி, நெடுஞ்சாலையோரப் புதருக்கு முன்னால் ஒருவர் கையில் கருவியோடு குனிந்து நின்றால் போதும். இரண்டு நிமிஷத்துக்குள் யாராவது வந்து, "இன்னா சார், எதுனா தொலைச்சிட்டீங்களா?" என்பார்கள். அடுத்த கேள்வி இன்னும் கனமானது: "சர்வேயா? ரோடு எடுக்கப் போறாங்களா?" கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் சாலைகளுக்கும் நிலம் கொடுத்துப் பழகிய வட்டாரம் இது. அளவுக்கருவியோடு வருகிறவரைப் பார்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஜி.பி.எஸ். உதவியோடு ஒளித்த டப்பாவைத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட வருகிறவர் இந்த இரண்டு கேள்விகளுக்கும் நேரான பதிலோடு வர வேண்டும்.

விளையாட்டு பிறந்த கதை சின்னது. அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே 2-ஆம் தேதி நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தடுமாறிய கருவிகள் ஒரே நாளில் துல்லியமாயின. மறுநாளே டேவ் உல்மர் என்பவர், ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகருக்கு வெளியே ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்து, அது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் எழுதினார். உள்ளே புத்தகம், கவண், ஒரு டின் பீன்ஸ் எனச் சில்லறைச் சாமான்கள். கண்டுபிடிப்பவர் ஒன்றை எடுக்கலாம், ஒன்றை வைக்க வேண்டும், குறிப்பேட்டில் எழுத வேண்டும். இன்று உலகெங்கும் ஆடப்படும் ஆட்டத்தின் சாரம் அந்த ஒரு வாளியிலேயே இருந்தது. ஒன்று மட்டும் மாறிவிட்டது: இப்போதைய விதிப்படி நிலத்துக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது.

தேடுவதைவிட ஒளிப்பதில்தான் எனக்குக் கிறக்கம். கேச் எனப்படும் டப்பா இருக்குமிடத்தை நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை குறிப்பார்கள். தரையில் அது 2 மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் தோப்புக்குள், தகரக் கூரைக்குப் பக்கத்தில், கருவி நிலைகொள்ளாமல் ஆடும். கடைசி ஐந்தாறு மீட்டர் கண்ணின் வேலை. நல்ல கலைஞன் அந்த ஐந்தாறு மீட்டருக்குள்தான் தன் கைவரிசையைக் காட்டுகிறான். சீமைக்கருவேல முட்புதருக்குள் ஒரு ஃபிலிம் டப்பியை எறிந்துவிட்டு, கடினத்துக்கான மதிப்பீட்டில் 5-க்கு 5 என்று போட்டுக்கொள்வதை நான் கலையில் சேர்க்க மாட்டேன். அது தேடுகிறவரின் கையைக் கிழிக்கும் வேலை. எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், அந்த இடத்துக்கே உரிய பொருள்போல டப்பா உட்கார்ந்திருக்க வேண்டும். பார்த்ததும், "அட, இத்தனை நேரம் இதன் முன்னால்தானே நின்றேன்" என்று தேடியவர் சிரிக்க வேண்டும்.

எளாவூர்க் காற்று டப்பாவைச் சோதிக்கும். மேலைநாட்டில் விரும்பிப் பயன்படுத்தும் ராணுவத் தோட்டாப் பெட்டி இரும்பு. பக்கத்துப் பழவேற்காடு ஏரியின் உப்புக்காற்றில் துருவேறும். மலிவான பிளாஸ்டிக்கோ சித்திரை வெயிலில் நொறுங்கும். நான்கு பக்கமும் கொக்கியும் உள்ளே ரப்பர் வளையமும் உள்ள சாப்பாட்டு டப்பா நல்ல தேர்வு. குறிப்பேட்டை ஜிப் உறைக்குள் போட்டு, பேனாவுக்குப் பதில் பென்சில் வைப்பது புத்திசாலித்தனம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மை கரையும், பென்சில் எழுத்து நிற்கும். மிட்டாய் வைத்தால் எறும்பு வந்துவிடும். தேடுகிறவருக்கு இடமறியக் கைபேசி போதும். கூடவே ஒரு டார்ச்சும் நீளமான குச்சியும் வேண்டும். கண் போகாத பொந்துக்குள் கையை விடக் கூடாது என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி மரியாதை. இரண்டு டப்பாக்களுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும். எடுத்ததற்கு ஈடாகவோ மேலாகவோ வைக்க வேண்டும். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி பெற வேண்டும். கடைசி விதியைத்தான் பலரும் அசட்டையாகக் கடக்கிறார்கள். 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிறு நகரில், ஓர் உணவகத்துக்கு வெளியே ஒருவர் டப்பாவை வைத்துவிட்டுப் போவதைப் பார்த்துப் பயந்து போலீசைக் கூப்பிட்டார்கள். ராணுவ நிபுணர்கள் வந்து அதை வெடிக்கவைத்தார்கள். அங்கேயே அப்படி என்றால், கஞ்சா தேடி வண்டி வண்டியாகச் சோதிக்கிற ஆந்திர எல்லையில், பாலத்தடியில் செருகிய பொட்டலத்தை என்னவென்று நினைப்பார்கள்? சோதனைச்சாவடி, ரயில் பாதை, தொழிற்சாலை மதில் மூன்றும் வேண்டவே வேண்டாம்.

மேலைநாட்டு ஆட்டக்காரர்கள் பிறர் கண்ணில் படாமல் எடுத்து, படாமல் வைப்பதைப் பெரிய நயமாகக் கருதுகிறார்கள். அந்த நயம் இங்கே செல்லாது, செல்லவும் வேண்டாம் என்பது என் துணிபு. மறைந்து செய்கிற எதுவும் இந்த ஊரில் சந்தேகத்தைத்தான் விதைக்கும். டீக்கடை அண்ணனிடம் சொல்லிவிட்டு, அவர் கடை வாசலிலேயே அவர் சம்மதத்தோடு வைத்த டப்பாவுக்கு அவரே காவல். வருகிறவர் திணறினால் ஓரக்கண்ணால் ஒரு துப்புக் கொடுப்பார். தேடி வந்தவர் ஒரு டீயாவது குடிப்பார். அப்போது நில அளவையா என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

டப்பாவே இல்லாத கேச்சும் உண்டு. எர்த்கேச் என்பார்கள்; 2004 முதல் இருக்கிறது. நிலவியல் சிறப்புள்ள இடத்துக்கு வரவழைத்து, அங்கே நின்று பார்த்தால்தான் பதில் சொல்ல முடிகிற கேள்விகளைக் கேட்பது. எளாவூருக்கு மிகப் பொருத்தமானது இதுதான் என்பேன். கிழக்கே சுண்ணாம்புக்குளம் பக்கம் போனால் பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. அதற்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. நம் நாட்டின் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களில் முதலாவது 2013 ஜூலை 1 இரவு அங்கிருந்துதான் கிளம்பியது. அதன் வழிவந்த நாவிக் சமிக்ஞையைப் புதிய கைபேசிகள் பல படிக்கின்றன. இடத்தைச் சொல்லும் கோள் கிளம்பிய கரைக்கு எதிர்க்கரையில் நின்று இடம் தேடுகிற வாய்ப்பு வேறு எந்த ஊருக்கு இருக்கிறது?

ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். அனுமதி கிடைத்தால் நான் வைக்கும் கேள்விகள் இவை. தண்ணீர் விளிம்பிலிருந்து வெடித்த சேற்றின் கடைசிக் கோடு வரை எத்தனை அடி? அங்கே வெள்ளையாகப் படிந்திருப்பது உப்பா, மணலா, சிப்பித்தூளா? ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவரும் மார்கழியில் ஒரு முறை, ஆனியில் ஒரு முறை வந்து, இரண்டு அளவையும் எழுதுங்கள்.