முக்காற்புள்ளி எங்கே நிற்க வேண்டும்?

எஸ். ஆர். ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறையைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "கம்ப்யூட்டருக்கு ஒத்துவராதுங்க" என்று யாராவது சொல்வார்கள். இந்தக் குற்றச்சாட்டு குறி தவறியது என்பது என் கட்சி. அவர்மேல் வைக்க வேண்டிய குறை வேறு.

அழைப்பெண் என்பது புத்தகத்தின் முதுகில் ஒட்டிய முகவரி. வரிசை தப்பினால் புத்தகம் கேட்டலாகில் இருக்கும், கைக்குக் கிடைக்காது.

டூயி முறையில் இது சுலபம். தமிழ் இலக்கியம் 894.811, தெலுங்கு 894.827. புள்ளிக்குப் பிறகு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டால் போதும். (811-ஐ முழு எண்ணாக நினைத்து 894.9-க்குப் பின்னால் தள்ளாதவரை. சாஃப்ட்வேர் வெர்ஷன் எண்களோடு குடும்பம் நடத்துகிறவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்கணும்.)

கோலனில் கதை வேறு. ஆறாம் பதிப்பில் மருத்துவத்துக்கு 'எல்'. இந்தியாவில் மருத்துவம் எல்.44, நோய்கள் எல்:4, நுரையீரல் எல்45. அலமாரியில் இதே வரிசைதான். பொதுவானது முன்னால், குறிப்பானது பின்னால். இடமிருந்து வலமாக நடந்தால் முதலில் மருத்துவம் மொத்தமாக, அடுத்து நோய்கள் மொத்தமாக, அதற்கப்புறம்தான் ஒவ்வோர் உறுப்பாக. நுரையீரல் நோய் எல்45:4 என்பதால் நுரையீரலோடேயே நிற்கும். எனக்கு இது ரொம்ப அழகான ஏற்பாடு.

இதையே கம்ப்யூட்டரின் சாதாரண ஸார்ட்டிடம் கொடுங்கள். ஆஸ்கி அட்டவணையில் முற்றுப்புள்ளி 46, எண்கள் 48 முதல் 57, முக்காற்புள்ளி 58. ஆக எல்:4, எல்லா உறுப்புகளும் முடிந்த பிறகு கடைசியில் போய் உட்காரும். எழுத்துகளும் அப்படியே: ரங்கநாதனுக்கு ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், பேரெழுத்து என்று வரிசை, ஆஸ்கிக்கு எண், பேரெழுத்து, சிற்றெழுத்து.

ஆனால் இதற்கு அவரைக் குறை சொல்வது நியாயமா? கோலன் முதல் பதிப்பு 1933, ஆஸ்கி 1963. ஒவ்வொரு குறிக்கும் அவர் தந்த மதிப்பை வைத்து ஒரு ஸார்ட் கீ செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அரை நாள் வேலை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறைக்கும் இந்தச் சடங்கு தேவைதான்: வகுப்பு எண்ணை முழு எண்ணாகவும், அதை அடுத்து வரும் கட்டர் எண்ணைத் தசமமாகவும் பிரித்துப் படிக்கணும். அது கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று யாரும் சொல்வதில்லை.

என் குறை மனிதரைப் பற்றியது. முற்றுப்புள்ளி, முக்காற்புள்ளி, அரைப்புள்ளி, காற்புள்ளி: இந்த ஏறுவரிசைக்குத் தத்துவக் காரணம் உண்டு, கண்ணுக்குத் தெரியும் காரணம் எதுவும் கிடையாது. 2-க்குப் பின் 3 என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். காற்புள்ளிக்கு முன் அரைப்புள்ளி என்பதை மனப்பாடம்தான் செய்யணும். அதுவும் மங்கிப்போன சின்ன லேபிளில், கீழ்த்தட்டுக்குக் குனிந்து, அது புள்ளியா அழுக்கா என்று பார்த்துக்கொண்டே.

முதல் மூன்று பதிப்புகளில் இணைப்புக் குறியாக முக்காற்புள்ளி மட்டுமே இருந்தது. 1952-இல் வந்த நான்காம் பதிப்பில்தான் அம்சத்துக்கு ஒரு குறி வந்தது. தத்துவம் தெளிந்தது, வாஸ்தவம். அதற்கான விலையைக் கொடுத்தது புத்தகம் அடுக்கும் ஊழியர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தணும் என்று 1931-இலேயே நான்காவது விதி எழுதியவர், அடுக்குகிறவரின் நேரத்தைக் கணக்கில் சேர்த்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. அவர் தடுமாறினால் வாசகரின் நேரமும் சேர்ந்துதான் போகிறது.